எந்தக் கழுத்துக்குக் காவல்?

அங்காரபுரியில் அன்றைக்கு அது இரண்டாவது அட்சய திருதியை. முதலாவது விடியற்காலையிலேயே வந்து போய்விட்டது. மூன்றாவது சாயங்காலம் வரும்.

பூமியில் இருப்பவர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றும். அங்கே சந்திரன் ஒரு மாதம் எடுத்துக்கொண்டு, ஆடி அசைந்து தேய்ந்து வளர்கிறது. செவ்வாயின் பெரிய நிலாவான போபோஸுக்கு அந்தப் பொறுமை கிடையாது. மேற்கே உதித்துக் கிழக்கே ஓடி, ஒரே நாளில் மூன்று அமாவாசையும் மூன்று பௌர்ணமியும் நடத்தி முடித்துவிடும். முதன்முதலில் குடியேறிய ஜனங்கள் எந்தத் திருதியையை நிஜமான திருதியையாகக் கொள்வது என்று குழம்பி நின்றபோது, நகைக்கடைக்காரர்கள்தான் பெரிய மனசோடு முன்வந்து வழி சொன்னார்கள். எல்லாவற்றையுமே கொள்ளலாம் என்றார்கள். ஒரே ஒரு சங்கடம், அங்கே ஒரு திதி கால் மணி நேரம்தான் நிற்கும். அதற்குள் பில் போட்டாக வேண்டும்.

அந்தக் கால் மணிக்குள் கடைக்குள் புகுந்தவர்களில் மங்கையர்க்கரசியும் ஒருத்தி. புகுந்தாள் என்று சொல்வதைவிட, கூட்டம் அவளைத் தூக்கி உள்ளே போட்டது என்று சொல்வதே சரி. செவ்வாயில் ஈர்ப்பு குறைவு, நாலு பேர் இடித்தால் கால் தரையில் பாவாது. அவள் புருஷன் தணிகாசலம் ஒரு கையில் பையும் மறு கையில் மூச்சுக் கவசமுமாகப் பின்னாலேயே மிதந்து வந்தார்.

இங்கே தங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். சிறுகோள்களை உடைத்து உலோகம் எடுக்க ஆரம்பித்த பிறகு தங்கத்தின் கௌரவம் போய்விட்டது. அங்காரபுரியில் குடிநீர்க் குழாய் தங்கம். கூரைத் தகடு தங்கம். பாத்திரம் கழுவுகிற தொட்டி தங்கம். துருப்பிடிக்காது, கதிர்வீச்சைத் தடுக்கும், விலையும் மலிவு. வசதியானவர்கள் வீட்டில் தங்கப் பெட்டியைத் திறந்தால் உள்ளே பட்டுத்துணி சுற்றிப் பத்திரமாக ஒரு மரக்கரண்டி இருக்கும். இவ்வளவு ஆன பிறகு மனிதர்களுக்குத் தங்க ஆசை விட்டிருக்க வேண்டும் அல்லவா? விட்டதாம், பாதி! சிறுகோள் தங்கத்தை யாரும் சீந்தவில்லை. ஆனால் பூமியில் தோண்டி, பூமியில் உருக்கி, பூமியில் நகையாக அடித்துக் கப்பலில் வந்த தங்கத்துக்கு 'மண்பொன்' என்று பெயர் வைத்து, அதன்மேல் உயிரை விட்டார்கள்.

மண்பொன்னுக்கும் தொட்டித் தங்கத்துக்கும் எந்தக் கருவியாலும் வித்தியாசம் சொல்ல முடியாது. அணு அணுவாகப் பிரித்தாலும் இரண்டும் ஒன்றுதான். ஆகவே மண்பொன் மண்பொன்தான் என்பதற்கு இருந்த ஒரே சாட்சி இடைவிடாத பார்வை. சுரங்கத்தை விட்டுக் கிளம்பியது முதல் ஏதாவது ஒரு கண் அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பார்வை அறுந்த கணத்தில் யாரும் அதை மாற்றவில்லை என்று சத்தியம் பண்ண ஆளில்லை. அப்புறம் அது வெறும் தொட்டித் தங்கம்தான்.

மங்கையர்க்கரசி வாங்க வந்தது மண்பொன்னில் ஒரு காசுமாலை. மகள் இனியாளின் கல்யாணத்துக்காக. மாப்பிள்ளை இன்னும் அமையவில்லை. ஜாதகத்தில் லேசாகப் பூமி தோஷம் இருந்ததால் இழுத்துக்கொண்டே போயிற்று. ஆனால் மாப்பிள்ளை எப்போது வேண்டுமானாலும் வருவான், மண்பொன் கப்பல் எப்போதாவதுதான் வரும். மணவறையில் இனியாள் அந்த மாலையைப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும், அதை நாலு பேர் பார்க்க வேண்டும். மங்கையர்க்கரசிக்கு வாழ்க்கையில் அதைவிடப் பெரிய ஆசை கிடையாது. இதற்காகவே புருஷனும் பெண்சாதியும் வெகு காலமாகப் பூமி மாம்பழத்தைக் கண்ணால் மட்டும் பார்த்து வந்தார்கள்.

விற்பனைப் பொறியன் மாலையை வெல்வெட் தட்டில் கிடத்தி, இரண்டு கலர் பாட்டிலைத் திறந்து நீட்டியது. பழைய பூமிக் கடைக்காரர்களின் பேச்சையெல்லாம் ஊட்டி வளர்த்த இயந்திரம் அது. குழைவதில் குறை வைக்காது.

"அம்மா, உங்க கைக்குன்னே வந்த மாதிரி இருக்கு. இதுக்கு அப்படியே ஒரு காவல் திட்டம் போட்டுடலாமா? திதி முடியறதுக்குள்ள போட்டா சேதாரத்துல பாதி தள்ளுபடி."

"அது என்ன திட்டம்?" என்றார் தணிகாசலம். அவர் எதையும் முழுசாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் நம்பாமல் இருப்பார்.

"மாலையோட கொக்கியில கடுகத்தனை ஒரு மூளை வைப்போம் சார். காவலின்னு பேரு. பச்சை விளக்கு எரியும். ராவும் பகலும் மாலையப் பாத்துக்கிட்டே இருக்கும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை இங்க கொண்டாந்து பரிசோதனைக்குக் காட்டினாப் போதும்."

"தொலைஞ்சு போனா?"

"அது திட்டத்துல வராது சார்."

"திருட்டுப் போனா?"

"அதுவும் வராது சார்."

"அறுந்தா?"

"தானா அறுந்தா வரும். இழுத்து அறுந்தா வராது."

"நகை என்னய்யா, வாழ்க்கை அலுத்துப்போயி தானா அறுந்துக்குமா? அப்ப இந்தத் திட்டம்தான் எதுக்கு?"

பொறியன் கோபித்துக்கொள்ளவில்லை. "இது மண்பொன்னுன்னு நீங்க சொன்னா நாங்க நம்பறோம் சார். நாளைக்கு உங்க சம்பந்தி நம்பணுமில்ல?"

"வேணாம் மங்கை, வெறும் தண்டம்" என்று திட்டத் தாளைப் புரட்டிக்கொண்டே மனைவி பக்கம் திரும்பினார் தணிகாசலம். "இன்னொரு கூத்தக் கேளு. பதிவு பண்ணின கழுத்தத் தவிர வேற யார் கழுத்துலயும் போடக் கூடாதாம். ஒரு நிமிஷம் போட்டாலும் காவல் அறுந்துடுமாம்."

மங்கையர்க்கரசி அதுவரை மாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இப்போது எடுத்தாள்.

"என்ன சொன்னீங்க? அந்தக் கடைசிய இன்னொரு தடவை சொல்லுங்க."

"வேற யாருக்கும் குடுக்க முடியாதுங்கறான்."

"வந்து கேட்டாக்கூடவா?"

"கேட்டாலும் காவலியே முடியாதுன்னு சொல்லிடும்மா" என்றது பொறியன். "நீங்க வாயத் திறக்கவே வேணாம்."

மங்கையர்க்கரசிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

காரணம், குணசுந்தரி. தணிகாசலத்தின் அக்கா. ஊரில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் அவளுக்கு மூக்கில் வேர்த்துவிடும். தனக்கென்று எதுவும் கேட்கமாட்டாள், அதுதான் இன்னும் தொல்லை. "மூணாங் குமிழ்ல ஒரு பொண்ணுக்கு வளைகாப்பு மங்கை, பாவம், கழுத்துல ஒண்ணுமே இல்ல, ஒரு நாளைக்குக் குடு" என்று வாங்கிக்கொண்டு போய்விடுவாள். காற்றடைத்த கண்ணாடிக் குமிழ்களுக்குள் நெருக்கியடித்து வாழ்ந்த அந்த ஊரின் வழக்கமும் அப்படித்தான் இருந்தது. மண்பொன் அபூர்வம் என்பதால் இருந்த நாலைந்து நகைகளே கழுத்து விட்டுக் கழுத்து போய்க்கொண்டிருந்தன. பழைய கல்யாணப் படங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் பெண்கள் மாறுவார்கள், அட்டிகை மாறாது. மங்கையர்க்கரசியின் கல்யாணப் படத்திலும் அதே அட்டிகைதான். அதை அவள் சௌகரியமாக மறந்திருந்தாள். மறக்காமல் இருந்தது, தன் ஜிமிக்கி ஒன்று குணசுந்தரியோடு ஊர் சுற்றிவிட்டு ஒரு முத்து குறைந்து திரும்பி வந்ததுதான்.

"போடுங்க திட்டத்த" என்றாள்.

"எந்தக் கழுத்துக்கும்மா?" என்றது பொறியன்.

இங்கேதான் அவள் ஒரு கணம் யோசித்தாள். இனியாள் வடதுருவத்தில் பனி வெட்டும் நிலையத்தில் பொறியாளர். அத்தையின் குணம் அப்படியே வந்திருந்தது அவளுக்கு. விடுதியில் கூட இருந்தவள் குளிருகிறது என்றாள் என்று தன் வெப்ப அங்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, போர்வையைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போன பெண். அவள் கழுத்துக்குப் பதிந்தால், யாராவது கண்ணைக் கசக்கும்போது காவலி கத்தக் கத்தக் கழற்றிக் கொடுத்துவிடுவாள்.

"என் கழுத்து" என்றாள் மங்கையர்க்கரசி. "கல்யாணத்தன்னிக்குப் பொண்ணு கழுத்துக்கு மாத்திக்கலாமில்ல?"

"தாராளமா மாத்திக்கலாம்மா. அன்னிக்குக் காவலிகிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும். பரிசோதனை மட்டும் தவறக் கூடாது."

திதி முடிய அரை நிமிஷம் இருக்கும்போது பில் விழுந்தது. ஒரு பர்ஸும் காலண்டரும் இனாமாகக் கிடைத்தன.

காவலி அறிவிப்புப் பலகையின் பாஷையில் பேசியது. "உரிமையாளர் அவர்களே, வெளியே தூசி அதிகம். செல்வதைத் தவிர்க்கவும்" என்னும். கோயிலுக்குக் கிளம்பினால் கூட்டம் என்னும், பந்தியில் உட்கார்ந்தால் எண்ணெய்ப் பலகாரம் அண்மையில் உள்ளது என்னும். இரண்டு விசேஷங்களுக்குப் போட்டுக்கொண்டு போய்விட்டு, மூன்றாவதற்கு மாலையைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுக் கவரிங் சங்கிலியோடு போனாள் மங்கையர்க்கரசி. நிம்மதியாகச் சாப்பிட முடிந்தது.

கேள்விப்பட்டுக் குணசுந்தரி வந்தாள். கையில் ஒரு டப்பா முறுக்கு. மாலையைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்.

"அடி ஆத்தி, நல்லாருக்கு மங்கை! நம்ம இனியா கழுத்துக்கு எடுப்பா இருக்கும். ஏ மங்கை, அஞ்சாங் குமிழ்ல ஒரு நிச்சயதார்த்தம்…"

"மன்னிக்கவும்" என்றது பெட்டிக்குள்ளிருந்து காவலி. "இந்நகையைப் பிறர் அணியத் திட்டத்தில் இடமில்லை."

குணசுந்தரி பெட்டியைப் பார்த்தாள். மங்கையர்க்கரசி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டாள்.

"நான் என்ன அண்ணி பண்றது? குடுக்கணும்னுதான் மனசு அடிச்சுக்குது. இது ஒத்துக்க மாட்டேங்குதே!"

"அட போகட்டும் விடு! நகைக்கு வாய் முளைச்சுப் போச்சா!" என்று சிரித்துவிட்டு, காபியைக் குடித்துவிட்டு, குணசுந்தரி போய்விட்டாள். அவ்வளவுதான். சண்டை இல்லை, மனஸ்தாபம் இல்லை. இத்தனை வருஷமாக இதற்காகவா பயந்துகொண்டிருந்தோம் என்று மங்கையர்க்கரசிக்கு வியப்பாக இருந்தது. திட்டத்துக்குக் கொடுத்த காசு அன்றே வசூலாகிவிட்டது என்று புருஷனிடம் சொன்னாள்.

விஷயம் பரவிற்று. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குணசுந்தரி உண்டு அல்லவா? ஆளாளுக்குத் திட்டம் வாங்கினார்கள். நகைக்கு மட்டும் இல்லை, இட்லிப் பானைக்கு வாங்கினார்கள், மாவரைக்கும் இயந்திரத்துக்கு வாங்கினார்கள், மடக்கு நாற்காலிக்கும் வாங்கினார்கள். யார் எதைக் கேட்டாலும் "திட்டத்துல இடமில்லையே" என்று உதட்டைப் பிதுக்கினார்கள். யாரும் யாரிடமும் முகத்தை முறித்துக்கொள்ளவில்லை. முகத்தைப் பார்க்க வேண்டிய வேலையும் குறைந்துபோயிற்று. மகளுக்கென்று வாங்கிய நகையை வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிட்டு வீட்டில் எல்லோரும் கவரிங் போட்டுத் திரிந்த கதை பூமியில் உண்டு என்று யாராவது சொன்னால், அங்காரபுரிக்காரர்கள் இப்படியும் உண்டா என்று சிரிப்பார்கள்.

பரிசோதனை நாள் வந்தது. மாலையை எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினாள் மங்கையர்க்கரசி. "புழுதிப் புயல் வருகிறது. இன்று வெளியே செல்ல வேண்டாம்" என்றது காவலி. மறு நாளும் அதையே சொன்னது. செவ்வாயில் புயல் வந்தால் சீக்கிரத்தில் ஓயாது. ஓய்ந்தபோது அவளுக்கும் மறந்துவிட்டது.

ஒரு வழியாக இனியாளுக்கு மாப்பிள்ளை அமைந்தான். அவன் ஜாதகத்திலும் பூமி தோஷம், பொருத்தம் பிரமாதம் என்று ஜோசியப் பொறியன் சொல்லிற்று. மாப்பிள்ளையின் அம்மா தேனம்மை மரியாதைக்காரி. "எங்களுக்கு எதுவும் வேணாம், உங்க பொண்ணுக்கு நீங்க போடறதப் போடுங்க" என்று மட்டும் சொன்னாள். அதைவிடப் பயங்கரமான வாக்கியம் தமிழில் கிடையாது.

கல்யாணத்தன்று காலையில், மணப்பெண் அறையில், மங்கையர்க்கரசி தன் கழுத்திலிருந்த காசுமாலையைக் கழற்றினாள். இனியாள் முந்தின நாள்தான் துருவ ரயிலில் வந்து இறங்கியிருந்தாள். பட்டுப் புடவை, தலை நிறையப் பூ, வெறும் கழுத்து. மாலையை அந்தக் கழுத்தருகே கொண்டுபோனதும் பச்சை விளக்கு மஞ்சளாகிவிட்டது.

"நிறுத்துங்கள். இக்கழுத்து பதிவில் இல்லை."

"என் பொண்ணுதான். இப்ப இவ கழுத்துக்கு மாத்திக்கோ."

"கழுத்து மாற்றும் உரிமை காலாவதியாகிவிட்டது. தாங்கள் பரிசோதனைக்கு வரவில்லை."

"அடப் பாவி! நீதானே புயலு, வெளிய போகாதேன்னு சொன்னே?"

"ஆம். அது பாதுகாப்புப் பிரிவின் ஆலோசனை. பரிசோதனை வேறு பிரிவு."

தணிகாசலம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மாலை இக்கழுத்தில் விழுந்தால் காவல் தொடர்ச்சி அறும்" என்று காவலி நிதானமாகச் சொல்லிக்கொண்டு போயிற்று. "அதன் பிறகு இதை மண்பொன் என்று எவரும் சான்று கூற இயலாது."

"சான்று போனாப் போகுது, போட்டு விடு மங்கை" என்றார் தணிகாசலம். "அப்பவும் அதே மாலைதானே!"

"அதே மாலை எப்படிங்க ஆகும்?"

"விடும்மா, எனக்கு வேணாம்" என்றாள் இனியாள். "பூ இருக்கே, போதும்."

வெளியே நாதஸ்வரம் வேகமெடுத்தது. மங்கையர்க்கரசியின் கை ஒரு தடவை மகளின் கழுத்துவரை போயிற்று. விளக்கு சிவப்பானது. கை திரும்பி வந்துவிட்டது. அவளுக்கே வெட்கமாக இருந்தது. பெற்ற பெண் வெறும் கழுத்தோடு நிற்கிறாள், கையில் அவளுக்கென்று வாங்கிய மாலை இருக்கிறது, போட்டால் என்ன, வானமா இடிந்து விழும்? அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் கை மறுபடி முன்னே போகவில்லை.

அறையில் இருந்த சொந்தக்காரப் பெண்களைப் பார்த்தாள். ஒருத்தி கழுத்தில் அட்டிகை, இன்னொருத்தி கழுத்தில் மாங்காய் மாலை. எல்லாவற்றின் கொக்கியிலும் பச்சை விளக்கு.

"குடுக்கணும்னுதான் மனசு அடிச்சுக்குது" என்றாள் அட்டிகைக்காரி. "திட்டத்துல இடமில்லையே!"

குரல், உதடு, தொங்கிய முகம், எல்லாம் மங்கையர்க்கரசிக்குத் தெரிந்ததாகவே இருந்தன.

அப்போதுதான் குணசுந்தரி உள்ளே வந்தாள். பந்தி மேற்பார்வையிலிருந்து நேரே வந்தவள், கையெல்லாம் மாவு. நடந்தது என்ன என்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, தன் கழுத்திலிருந்த கனத்த முறுக்குச் சங்கிலியைக் கழற்றினாள். அதில் விளக்கு எதுவும் இல்லை.

"ஏ இனியா, குனி" என்று சொல்லிப் போட்டுவிட்டாள்.

"அண்ணி, இது மண்பொன்னா?" என்று மங்கையர்க்கரசி காதோரம் கேட்டாள்.

"சும்மா இருடி. எங்க வீட்டுப் பழைய பாத்திரத் தொட்டி. மூலையில ஓட்டை விழுந்துருச்சுன்னு மாத்தினாங்க. வீணாப் போகுதேன்னு சங்கிலியா அடிச்சு வாங்கிக்கிட்டேன். நகை கேட்டா எல்லாரும் திட்டம்னு கைய விரிச்சப்புறம் ஊர்ல எத்தனை பொண்ணு கழுத்துல ஏறி இறங்கிருக்கு தெரியுமா? நீ வாயத் திறக்காத, ஒருத்தரும் கண்டுக்க மாட்டாங்க."

பக்கத்தில் இருந்த இனியாளுக்கும் இது கேட்டுவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டே மணவறைக்குப் போனாள்.

தாலி கட்டு நல்லபடியாக முடிந்தது. பெண்ணின் அம்மா மண்பொன் காசுமாலையோடு நின்றாள், பெண் பாத்திரத் தொட்டியோடு உட்கார்ந்திருந்தாள். பார்த்தவர்களின் கண் முழுக்கப் பெண்ணின் சங்கிலிமேல்தான் இருந்தது.

சாப்பாடு முடிந்ததும் தேனம்மை வந்து மங்கையர்க்கரசியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சம்பந்தி, அசந்துட்டேன் போங்க! நம்மூர்ல மூக்குத்திக்கே விளக்கு மாட்டிக்கிட்டுத் திரியறாங்க. நீங்க இத்தனை பெரிய சங்கிலிய, காவல் இல்லாம, அப்படியே பொண்ணு கழுத்துல போட்டு அனுப்பறீங்களே! எம்புட்டு இருந்தா இந்தத் தைரியம் வரும்!" பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அடுத்த வாரம் என் சின்ன மகளுக்கு வளைகாப்பு. அதுலதான் விளக்கு இல்லையே. ஒரே ஒரு நாள்…"

"அதுக்கென்ன அத்தை" என்று இனியாளின் கை கழுத்துக்குப் போயிற்று.

மங்கையர்க்கரசி எட்டிப் பாய்ந்தாள். "இருடி!" என்று மகளின் கையைப் பிடித்தாள். "அது வந்து சம்பந்தி, இதுக்கும் திட்டம் போட ஏற்பாடு பண்ணியாச்சு. நாளைக்குப் போறோம்."

"அப்படியா" என்றாள் தேனம்மை. அவளுக்குத் திட்டங்களைப் பற்றித் தெரியும். வெற்றிலைத் தட்டுப் பக்கம் நகர்ந்துவிட்டாள்.

குணசுந்தரி கிளம்பும்போது வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். "சங்கிலிய மெதுவாக் குடு மங்கை, அவசரமில்ல. ரெண்டாங் குமிழ்ல ஒரு பொண்ணுக்கு அடுத்த முகூர்த்தம். அதுக்குள்ள வந்தாச் சரி."

மறுநாள் தாயும் மகளும் நகைக்கடைக்குப் போனார்கள். அதே பொறியன்தான். கலர் பாட்டிலைத் திறந்துகொண்டே வரவேற்றது. மங்கையர்க்கரசி பொங்கித் தீர்த்தாள்.

"என்ன பெரிய திட்டம் உங்க திட்டம்! என் பொண்ணுக்குன்னு வாங்கின மாலை, கல்யாணத்தன்னிக்கு அவ கழுத்துல ஏறல. காசத் தண்டமாக் கொட்டினேன்! மொதல்ல அத ரத்து பண்ணு."

"ரொம்ப வருத்தமா இருக்கும்மா" என்றது பொறியன். "பண்ணிடலாம். மாலை பத்திரமா இருக்கில்லம்மா?"

"இருக்கு."

"யார் கைக்கும் போகலையே?"

"போகல."

"அப்ப திட்டம் வேலை செஞ்சிருக்கும்மா. இதுவரைக்கும் ஒருத்தர்கூட நஷ்டஈடு கேட்டு வந்தது கிடையாது. புதுப்பிக்காம விட்டவங்களும் கிடையாது. ரத்து பண்ணிடட்டுமா?"

மங்கையர்க்கரசி கலரை ஒரு வாய் குடித்தாள். கழுத்திலிருந்த காசுமாலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ரத்துப் பேச்சு அதோடு நின்றுபோயிற்று. பைக்குள்ளிருந்து முறுக்குச் சங்கிலியை எடுத்துத் தட்டில் வைத்தாள்.

"இதுக்கும் ஒண்ணு போடு."

"போட்டுடலாம்மா. மண்பொன்னா, சாதாவா?"

பொறியனிடம் இருந்த எந்தக் கருவியாலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. தன் வீட்டிலும் அதே வார்ப்புத் தொட்டி ஒன்றில் தினம் பாத்திரம் கழுவுகிற மங்கையர்க்கரசி, கண்ணை இமைக்காமல், "மண்பொன்" என்றாள். "எங்க குடும்பத்துலயே இருந்தது."

"அது போதும்மா. இன்னிலேர்ந்து நாங்க பாத்துக்கறோம்."

"அம்மா!" என்று இனியாள் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "இது அத்தையோடதும்மா. இன்னொரு பொண்ணுக்குக் குடுக்கணும்னு சொல்லிட்டுப் போனாங்களே! திட்டம் போட்டா எப்படித் திருப்பிக் குடுக்கறது?"

"குடுத்துட்டா? உன் மாமியார் சங்கிலி எங்கேன்னு கேட்டா என்னடி சொல்லுவ?"

"தொட்டின்னு சொல்லுவேன். சிரிச்சுட்டுப் போறாங்க."

சொல்லக்கூடியவள்தான். மங்கையர்க்கரசி மகளை ஏற இறங்கப் பார்த்தாள். வஞ்சனை தெரியாத முகம். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும். இவள் கழுத்துக்குப் பதியத்தான் கிளம்பி வந்தாள் அவள். வழியெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தாள், போன தடவை செய்த தப்பை இந்தத் தடவை செய்யக் கூடாது என்று.

"எந்தக் கழுத்துக்கும்மா?" என்றது பொறியன்.

இனியாள் இருக்கிறாளே, மாமியார் ஒரு தடவை சிரித்துக் கேட்டால் போதும், காவலி கத்தக் கத்தக் கழற்றிக் கொடுத்துவிடுவாள். அத்தை கேட்டால் அவளே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவாள். நல்ல பெண்தான், ஆனால் நகையை நம்பிக் கொடுக்க முடியாத பெண்.

"என் கழுத்து" என்றாள் மங்கையர்க்கரசி. "இப்போதைக்கு. தேவைப்படும்போது அவளுக்கு மாத்திக்கலாமில்ல?"

"தாராளமா மாத்திக்கலாம்மா. பரிசோதனை மட்டும் தவறக் கூடாது."

கொக்கியில் கடுகை வைத்து மூடியதும் பாத்திரத் தொட்டி பச்சையாகக் கண் திறந்தது. பொறியன் அதை அவள் கழுத்தில், காசுமாலைக்கு மேலே மாட்டிவிட்டு, கண்ணாடியைக் காட்டிற்று. பர்ஸும் காலண்டரும் இந்தத் தடவையும் கிடைத்தன. வெளியே போபோஸ் மறுபடி உதித்து, அடுத்த திருதியைக்கான கூட்டம் வாசலில் முண்டியடிக்க ஆரம்பித்திருந்தது.

"கூட்டம் வருதும்மா, என் கையப் பிடிச்சுக்க" என்று இனியாள் நெருங்கி வந்து அம்மாவின் தோளை அணைத்துக்கொண்டாள்.

இரண்டு விளக்கும் ஒரே சமயத்தில் மஞ்சளாயின. "எச்சரிக்கை" என்றன இரண்டு காவலிகளும் ஒரே குரலில். "பதிவில் இல்லாத கழுத்து மிக அருகில் உள்ளது. விலகி நிற்கச் சொல்லவும்."

மங்கையர்க்கரசி இரண்டு கையாலும் கழுத்தைப் பொத்திக்கொண்டாள்.

"கொஞ்சம் தள்ளியே வா கண்ணு" என்றாள்.